காத்திருக்கத் தெரிந்த காசு

ஹட்டனிலிருந்து டிக்கோயாவுக்குப் போகும் வழியில், பிரதான வீதியை விட்டுச் சற்றுக் கீழிறங்கினால், 12 பேர்ச்சஸ் காணியில் ஆறு குடும்பங்கள் வாடகைக்கு இருக்கும் பழைய இரண்டு மாடி வீடொன்று இருக்கிறது. 2019ஆம் ஆண்டு ஜூலை மாதம் அதை ஒரு கோடியே 80 இலட்சம் ரூபாவுக்கு வாங்கினோம். ‘வாங்கினோம்’ என்று பன்மையில் எழுதக் காரணம் உண்டு. செலவான மொத்தப் பணத்தில் என்னுடையது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மிகுதியெல்லாம், ஒன்றரை வருட காலம் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய், வைத்த தேநீரையெல்லாம் குடித்து, மற்றவர்களிடம் கேட்டுச் சேர்த்த பணம். 23 பேரிடம் பேசினேன். 11 பேர் முடியாது என்றார்கள். எட்டுப் பேர் தந்தார்கள். மீதி நால்வர் தர முன்வந்தும் நான் வாங்கவில்லை. அந்த நால்வரைப் பற்றியும், எட்டுப் பேரில் நான் வாங்கியிருக்கக் கூடாத ஒருவரைப் பற்றியும் எழுதி வைக்க வேண்டும் என்று நீண்ட நாளாக நினைத்திருந்தேன்.

யோசனை என்னுடையதன்று. பேராதனையில் என்னோடு வர்த்தகம் படித்து, இப்போது நியூ ஜெர்சியில் கணக்காளராக இருக்கும் நண்பன் 2017இல் விடுமுறைக்கு வந்தபோது, டெக்சாஸ் மாநிலத்தில் 96 வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தில் தானும் ஒரு பங்காளி என்றான். தன்னைப் போல் நாற்பது பேர் வரை பணம் போட்டிருப்பதாகவும், அவர்களைத் தேடிச் சேர்த்து, கட்டிடத்தைக் கண்டுபிடித்து, வங்கிக் கடன் எடுத்து, வாடகைக்காரர்களைப் பார்த்துக்கொள்வது ஒரே ஒரு அமைப்பாளர்தான் என்றும் விளக்கினான். அமெரிக்காவில் ஒரு கட்டிடத்தில் நான்கு வீடுகள் வரை இருந்தால் அது சாதாரண வீட்டுக் கடனுக்குள் அடங்கும். ஐந்தாவது வீடு சேர்ந்தவுடன் அது வர்த்தகக் கடனாகிவிடும். அப்போது கடன் கொடுப்பவர் முதலில் பார்ப்பது கேட்பவரின் சம்பளத்தையன்று, கட்டிடம் தரும் வாடகையை. நோர்வூட்டுக்கு அருகில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்த எனக்கு, ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பல குடும்பங்கள் இருப்பது புதுமையல்ல. அந்தக் கூரை எங்கோ இருக்கும் வேறொருவருக்குச் சொந்தமாயிருப்பதும் புதுமையல்ல. அந்தச் சொந்தக்காரர்கள் நாற்பது சம்பளக்காரர்களாக இருக்கலாம் என்பதுதான் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

அவன் ஒரு தாளில் போட்டுக் காட்டிய கணக்கு இன்னும் என்னிடம் இருக்கிறது. கட்டிடத்தின் விலை 10 இலட்சம் டொலர் என்று வைத்துக்கொள்வோம். பராமரிப்பு, வரி, காப்புறுதி எல்லாம் போக ஆண்டுக்கு 70,000 டொலர் மிஞ்சுகிறது; அதாவது விலையில் 7 வீதம். வங்கி ஏழரை இலட்சத்தை 4.5 வீத வட்டிக்கு, 30 வருடத் தவணைக் கணக்கில் தருகிறது. ஆண்டுத் தவணை ஏறத்தாழ 45,600 டொலர். அதைக் கட்டிய பின் கையில் நிற்பது 24,400. கைப்பணமாகப் போட்ட இரண்டரை இலட்சத்துக்கு அது ஏறத்தாழ 9.8 வீதம். அவனுடைய ஒப்பந்தத்தில் முதல் 8 வீதம் பங்காளிகளுக்கு; அதற்கு மேல் வருவதில்தான் அமைப்பாளர் கைவைக்கலாம். 7 வீதம் தரும் கட்டிடம் 9.8 வீதம் தருவதற்குக் காரணம், கடன் வாங்கிய பணத்தின் வட்டி கட்டிடத்தின் வருமான வீதத்தை விடக் குறைவு என்பது மட்டுமே. அத்தகைய நீண்ட, மலிவான கடன் அங்கே தானாக வந்துவிடவில்லை. 1938இல் ஃபேனி மே, 1970இல் ஃப்ரெடி மேக் என்ற இரு நிறுவனங்களை அந்நாட்டுச் சட்டமே உருவாக்கி, வீட்டுக் கடன்களை வங்கிகளிடமிருந்து வாங்கிக்கொள்ள வைத்ததன் பலன் அது. இந்தப் பின்னணியை நான் மிகவும் பிந்தித்தான் வாசித்தேன்.

பிந்தி வாசித்ததன் விளைவு என்னவென்றால், முதல் ஆறு மாதங்களில் ஒன்பது பேரிடம் போய், வருடத்துக்கு 12 வீதம் தருவேன் என்று சொல்லிவிட்டேன். அவர்களில் ஐந்து பேர் உடனே சம்மதித்தார்கள். அந்தச் சம்மதமே எனக்குச் சந்தேகத்தை உண்டாக்கியிருக்க வேண்டும்.

கட்டிடம் கண்ணில் பட்ட பிறகுதான் நான் கணக்குப் பார்த்தேன். விலை 180 இலட்சம். முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதமும் மீதிக்கு 4 வீதமுமாக 7 இலட்சத்து 19 ஆயிரம். நொத்தாரிசு கட்டணம், உறுதித் தேடல் (காணிப் பத்திரத்தின் பழைய பதிவுகளைப் பார்ப்பது), நில அளவை ஆகியவற்றோடு சேர்த்து 190 இலட்சம் ஆகிவிடுகிறது. கூரை, குழாய், மின்கம்பி, கழிவறை எல்லாவற்றையும் திருத்த 24 இலட்சம். அவசரத்துக்கு ஒதுக்கியது 6 இலட்சம். ஆக 220 இலட்சம். வருமானப் பக்கத்தில், நான்கு அனெக்ஸ்கள் (தனித்தனி வாடகைப் பகுதிகள்) மாதம் 16,000 ரூபாவுக்கும், பெரியவை இரண்டு 22,000 ரூபாவுக்கும் போனால் மாதத்துக்கு 1,08,000 ரூபா, ஆண்டுக்கு 12 இலட்சத்து 96 ஆயிரம். சோலைவரி, தண்ணீர், திருத்த வேலை, இடையில் ஆளில்லாமல் கிடக்கும் மாதங்கள் என்று கழித்தால் ஒன்பதரை இலட்சம் மிஞ்சும். போட்ட பணத்துக்கு அது 4.3 வீதம். அந்த வருடம் வங்கியில் நிலையான வைப்புக்கே 10 வீதம் கிடைத்தது. விலையில் முக்கால்வாசியை, அதாவது 135 இலட்சத்தை, 14 வீதத்துக்குக் கடன் எடுத்திருந்தால் வட்டி மட்டும் வருடத்துக்கு 18 இலட்சத்து 90 ஆயிரம். வாடகையில் மிஞ்சுவதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. நண்பனின் கணக்கில் கடன் ஏணியாக இருந்தது. என் கணக்கில் அதே கடன் கிணறாக இருந்தது.

அப்படியானால் யாராவது ஏன் இதில் பணம் போட வேண்டும்? நிலத்துக்காகத்தான். ஹட்டனைச் சுற்றி எங்கே பார்த்தாலும் தேயிலை. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தின் கீழ் அரசுடைமையான அந்தத் தோட்டங்கள் 1992 முதல் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளின் கையில் இருக்கின்றன; அவற்றில் ஒரு பேர்ச்சஸ்கூட நீங்களோ நானோ உறுதி எழுதி வாங்க முடியாது. தனியார் உறுதிக் காணி என்பது நகரத்தின் முதுகெலும்பில் ஒரு மெல்லிய கீற்று. ஆசிரியர்கள், தாதியர், வங்கி ஊழியர்கள், பிள்ளைகளை நகரப் பாடசாலையில் சேர்க்கத் தோட்டத்தை விட்டு வரும் குடும்பங்கள் என்று வாடகைக்குத் தேடுவோர் மட்டும் கூடிக்கொண்டே போகிறார்கள். ஆகவே வாடகை சிறிதாகவும், நிலத்தின் மதிப்பு மெதுவாகவும் வளரும். ஆனால் அந்த மதிப்பை ரூபாவாகக் கையில் பார்க்க எட்டு, பத்து வருடம் பொறுத்திருக்க வேண்டும். வட்டிக்கு வாங்கிய பணத்தால் அப்படிப் பொறுத்திருக்க முடியாது. பங்காக வந்த பணத்தால் முடியும்; அதிலும், இடையில் அந்தப் பணம் தேவைப்படாத ஒருவரிடமிருந்து வந்திருந்தால் மட்டும்.

ஒன்பது பேரிடமும் திரும்பப் போய், 12 வீதம் என்று சொன்னது பிழை என்றேன். வருடத்துக்கு மூன்று வீதம் கிடைத்தால் அதிர்ஷ்டம், பத்து வருடத்துக்குள் வெளியே எடுக்க எண்ணாதீர்கள் என்றும் சொன்னேன். சம்மதித்திருந்த ஐந்து பேரில் நால்வர் விலகிக்கொண்டார்கள். அவமானமாகத்தான் இருந்தது. ஒருவர் மட்டும், ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபர், என் மனைவியின் தாய்மாமன், “இப்பதான் நீ கணக்குப் பார்த்திருக்கே” என்று சொல்லிவிட்டு, முன்பு தருவதாகச் சொன்னதை விட ஐந்து இலட்சம் கூட்டித் தந்தார்.

இந்த இடத்தில் அமெரிக்கச் சட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் என் சிந்தனையைத் திருத்தியது அதுதான். 1946இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்த ஹோவி வழக்கு ஒரு தோடம்பழத் தோட்டத்தைப் பற்றியது. புளோரிடாவில் ஒரு கம்பனி தன் தோட்டத்தைக் கீற்றுக் கீற்றாக வெளியூர்க்காரர்களுக்கு விற்று, மரங்களைத் தானே பராமரித்து, பழம் விற்ற இலாபத்தைப் பங்கிட்டது. வாங்கியவர்கள் வாங்கியது மண்ணையன்று, மற்றவரின் உழைப்பில் வரும் இலாபத்தை. ஆகவே இது பிணையப் பத்திரம், அதாவது பங்கைப் போன்ற ஒரு முதலீட்டுப் பத்திரம், அதற்குரிய 1933ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்றது நீதிமன்றம். ஒரு துரை தேயிலை மலையைப் பாத்தி பாத்தியாகக் கொழும்புக்காரர்களுக்கு விற்று, கொழுந்தைத் தானே பறிப்பித்து இலாபம் அனுப்புவதைக் கற்பனை செய்துகொண்டால் எங்களுக்கு அந்தத் தீர்ப்பு எளிதில் விளங்கும். அன்றிலிருந்து, ஒருவர் பணம் திரட்டிக் கட்டிடம் வாங்கி மற்றவர்களுக்குப் பங்கு கொடுத்தால் அது பெரும்பாலும் அந்தச் சட்டத்துக்குள் விழுகிறது. பதிவு செய்யாமல் திரட்ட வேண்டுமானால் 506 பி என்ற விதியின் கீழ் விளம்பரமின்றி, ஏற்கெனவே பழக்கமுள்ளவர்களிடம் திரட்டலாம். அவர்களில் வசதி குறைந்தவர்கள் 35 பேருக்கு மேற்படக் கூடாது, அவர்களும் முதலீட்டின் ஆபத்தை விளங்கிக்கொள்ளக் கூடியவர்களாக இருக்க வேண்டும். 2013 முதல் நடைமுறையில் உள்ள 506 சி விதியின் கீழ் விளம்பரம் செய்யலாம். ஆனால் பணம் போடும் ஒவ்வொருவரும் வசதியுள்ளவர் என்று சரிபார்த்தாக வேண்டும். வசதி என்பதற்கு அளவும் உண்டு: தனியாள் என்றால் ஆண்டு வருமானம் 2 இலட்சம் டொலருக்கு மேல், கணவன் மனைவி என்றால் 3 இலட்சம், அல்லது குடியிருக்கும் வீட்டைத் தவிர்த்து 10 இலட்சம் டொலர் சொத்து.

பணக்காரர்களுக்கு மட்டும் திறக்கும் கதவு என்று முதலில் எரிச்சல் வந்தது. பிறகு யோசித்தபோது, அந்த அளவுகோல் இலாபம் சம்பாதிக்கத் தகுதியுள்ளவர் யார் என்று கேட்கவில்லை, நட்டத்தைத் தாங்கக் கூடியவர் யார் என்று கேட்கிறது என்பது புரிந்தது. அந்தக் கேள்வியை எங்கள் ஊரில் உறவினரிடம் பணம் கேட்கும் ஒருவனிடம் யாரும் கேட்பதில்லை. எங்களிடமும் சட்டங்கள் உண்டு. 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித் தொழில் சட்டப்படி, மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் பொதுமக்களிடம் வைப்புப் பெறுவது குற்றம். 2008இல், பொதுமக்களிடம் வைப்பு வாங்கிய கோல்டன் கீ நிறுவனம் சரிந்தபோது பட்ட பாட்டைப் பலர் இன்னும் மறக்கவில்லை. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி ஒரு தனியார் கம்பனியில் 50 பங்குதாரர்களுக்கு மேல் இருக்க முடியாது, பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்கவும் முடியாது. “வட்டி தருவேன் என்று வீடு வீடாகப் போவதை முதலில் நிறுத்துங்கள்” என்று எங்கள் சட்டத்தரணி அம்மா என்னை உட்கார வைத்துச் சொன்னதும் அந்த நாட்களில்தான். ஆனால் இந்த வேலிகளுக்கு உள்ளேயே, சொந்த அத்தையின் வாழ்நாள் சேமிப்பைச் சட்டப்படி வாங்கிக்கொள்ள எனக்கு முழு உரிமை இருந்தது.

அத்தை 31 வருடம் கொழுந்து பறித்தவர். 2018இல் ஓய்வுபெற்றார். அவர் சம்பளத்தில் 8 வீதமும் தோட்டம் போட்ட 12 வீதமும் சேர்ந்த சேமலாப நிதி, 3 வீத நம்பிக்கைப் பொறுப்பு நிதி, அதோடு பணிக்கொடை. பணிக்கொடை என்பது வருடத்துக்கு 14 நாள் சம்பளம். அப்போதைய அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபா. 31 வருடத்துக்கு 2 இலட்சத்து 17 ஆயிரம். எல்லாம் சேர்த்து எட்டு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நான் பணம் சேர்ப்பதாக யாரோ சொல்லி, பஸ் ஏறி ஹட்டனுக்கு வந்துவிட்டார். வங்கிப் புத்தகத்தை மேசைமேல் வைத்து, “பேங்குல கெடக்குறதுக்கு ஒன் கையில கெடக்கட்டும் தம்பி, ஒங்கப்பா இருந்தா வேற எங்கயாவது குடுக்க விடுவாரா” என்றார்.

எனக்கு அப்போது 27 இலட்சம் குறைவாக இருந்தது. அந்த எட்டு இலட்சம் கிடைத்தால் உறுதி எழுதும் நாளை முன்னுக்குக் கொண்டுவரலாம் என்று மனம் கணக்குப் போட்டதை மறைக்க விரும்பவில்லை. அத்தைக்கு நான் தரக் கூடியது வருடத்துக்கு 24,000 ரூபா, அதுவும் நல்ல வருடத்தில். வைப்பில் இட்டால் மாதத்துக்கு ஆறாயிரத்துக்கு மேல் வரும். முழங்கால் வலி கூடினால், மகனுக்குக் கொழும்பில் வேலை போனால், லயத்துக் கூரை ஒழுகினால், நான் பத்து வருடம் என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அவர் கேட்டால் நான் தந்தாக வேண்டும். தர எனக்குச் சுவரை உடைத்து விற்க வேண்டியிருக்கும். இதையெல்லாம் அவருக்கு விளக்கினேன். அவர் விளங்கிக்கொள்ளவில்லை, அல்லது விளங்கியும் ஏற்கவில்லை. தன்னுடைய காசு மட்டும் இளப்பமா என்று கேட்டார். வேறு யார் யாரிடம் வாங்கியிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் அவரோடு வங்கிக்குப் போய், ஐந்து இலட்சத்தை மாத வட்டி வரும் வைப்பில் போட்டுக் கொடுத்தேன். எட்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

மற்ற மூவர் கதை சுருக்கமானது. ஒருவர் சீட்டு எடுத்துத் தருவதாகச் சொன்னார். மாதாமாதம் கட்ட வேண்டிய சீட்டுப் பணத்தைப் பத்து வருடம் முடங்கும் இடத்தில் போடுவது அவருக்குத் தூக்கு, எனக்கு வம்பு. ஒருவர் தன் வீட்டை வங்கியில் ஈடு வைத்துத் தருவதாகச் சொன்னார். இன்னொருவர் பெருந்தொகையைக் கட்டுக் கட்டாக ரொக்கமாக, இரசீது வேண்டாம் என்ற நிபந்தனையோடு தர வந்தார்.

எந்த உருவத்தில் சேர்ந்து வாங்குவது என்பதில்தான் எங்களுக்குள் அதிக வாதம் நடந்தது. எல்லோர் பெயரையும் உறுதியில் பிரிக்கப்படாத பங்காக எழுதிவிடலாம் என்பது பெரியவர்களின் விருப்பம். பெயர் உறுதியில் இருந்தால்தான் அவர்களுக்கு அது காணி. அதில் இருக்கும் அபாயத்தை மலையகத்தில் அனுபவித்தவர்கள் குறைவு, ஏனென்றால் எங்களில் உறுதிக் காணியே பலருக்கு இருந்ததில்லை. கூட்டு உரித்தாளர் எவரும், எந்த நாளிலும், 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றம் போய்ப் பிரித்துத் தா, அல்லது விற்றுத் தா என்று கேட்கலாம். ஒருவர் இறந்தால் அவர் பங்கு நான்கு பிள்ளைகளுக்குப் போகும், நால்வரும் நான்கு ஊரில் இருப்பார்கள். ஆறு அனெக்ஸையும் தனித்தனி உறுதியாக்கி ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வோம் என்று ஒருவர் சொன்னார். அதற்கு 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டப்படி தனி வரைபடம் தயாரித்து, அனுமதி பெற்றுப் பதிய வேண்டும். பழைய கட்டிடத்துக்கு அது இலேசில் முடிகிற காரியமல்ல என்று நில அளவையாளர் கையை விரித்தார். கடைசியில் தனியார் கம்பனி ஒன்றைப் பதிந்து, அதன் பெயரில் காணி, எங்கள் பெயரில் பங்கு என்று முடிவாயிற்று. இதற்கு விலையும் உண்டு: 2022 ஒக்டோபரிலிருந்து கம்பனி வருமான வரி 30 வீதம்.

கம்பனி அவசியமானதற்கு இன்னொரு காரணம் டொரன்டோவில் இருக்கும் என் சின்னம்மா மகன். அவனிடம் இருப்பது கனேடியக் குடியுரிமை மட்டும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் இங்கே காணி வாங்க முடியாது. வெளிநாட்டவரின் பங்கு 50 வீதத்தை எட்டிய உள்நாட்டுக் கம்பனியாலும் முடியாது. அவன் போட விரும்பிய 40 இலட்சம் அந்த எல்லைக்கு எவ்வளவோ கீழே இருந்தது. பணத்தை வங்கிக்கு வெளியே, உண்டியல்காரர் மூலம் அனுப்பிவிடுகிறேன் என்றவனைப் பிடித்து நிறுத்தி, வங்கியில் உள்முக முதலீட்டுக் கணக்கு திறக்க வைத்தோம். அந்தக் கணக்கினூடாக வந்த பணம்தான் நாளைக்கு இலாபத்தோடு முறையாக வெளியே போக முடியும்.

என்னுடைய 60 இலட்சம், ஏழு பங்குதாரர்களின் 130 இலட்சம், ஒருவர் கடனாகத் தந்த 30 இலட்சம். இப்படித்தான் 220 நிறைந்தது. பணம் தந்தவர்கள் கேட்ட கேள்விகளில் வருமான வீதம் பற்றியவை மிகக் குறைவு. உறுதி எத்தனை வருடம் பின்னுக்குப் போகிறது, விற்பவரின் அண்ணன் தம்பிமார் கையெழுத்திட்டார்களா, வாடகை தராதவரை எப்படி எழுப்புவாய், இவைதான் கேள்விகள். தாதியாக வேலை செய்யும் ஒருவர், வீட்டுக்குப் பின்னாலுள்ள சரிவைக் காட்டி, அது இறங்காது என்பதற்கு என்ன எழுத்து இருக்கிறது என்று கேட்டார். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது அவர் பதுளைப் பக்கம் வேலை செய்தவர். பழைய வீடு வாங்கும் என்னிடம் யாரும் அந்த எழுத்தைக் கேட்டிருக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு விண்ணப்பித்து, அவர்கள் வந்து பார்த்து, மழைநீர் வடிகாலைத் திருப்பவும் தடுப்புச் சுவரை உயர்த்தவும் சொன்ன பிறகே அவர் காசோலை எழுதினார். திருத்த வேலைக்கான 24 இலட்சத்தில் ஐந்து அந்தச் சுவருக்குப் போயிற்று. எட்டுப் பேரில் மிகச் சிறிய தொகை தந்தவர் அவர். மிகப் பெரிய கேள்வியைக் கேட்டவரும் அவர்தான்.

இனி அந்த 30 இலட்சம். அது ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவருடையது. எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர் இல்லை, ஆனால் நகரத்தில் எல்லோருக்கும் அவர் சேர். கண்டியில் இருந்த ஒரு காணித் துண்டை விற்ற பணம். பங்கு வேண்டாம், மூன்று வருடத்துக்கு 14 வீதம் தாருங்கள், பிறகு மகளின் வெளிநாட்டுப் படிப்புக்கு வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். கட்டிடத்தின் மேல் ஈட்டு உறுதி எழுதி, காணிப் பதிவகத்தில் பதிந்து கொடுத்தேன். அத்தையிடம் வாங்க மறுத்த நான் இவரிடம் வாங்கியதற்குக் காரணம், இவர் படித்தவர், எழுத்து மூலம் கேட்டவர், ஈடு வைத்துக்கொண்டவர் என்பதுதான். அவருடைய பணத்துக்கும் ஒரு தேதி இருந்தது என்பதும், அந்தத் தேதி அத்தையின் முழங்காலை விட உறுதியானது என்பதும் என் கண்ணில் படவில்லை. மூன்று வருடத்தில் வங்கிக் கடன் எடுத்து இவருடையதை அடைத்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த மூன்று வருடம் முடிந்தது 2022 ஜூலையில்.

அந்த வருடத்தை இங்கே வாசிப்பவர்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகள் உயர்த்தி, வங்கிகளுக்குக் கடன் தரும் வசதி வீதத்தை 14.5 ஆக்கியது, ஜூலையில் அது 15.5. செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். வைப்புக்கே இருபதுக்கு மேல் வட்டி கொடுத்துக்கொண்டிருந்த வங்கி எதுவும் ஹட்டனில் ஒரு பழைய வீட்டை நம்பிக் கடன் தரத் தயாராக இல்லை. ஆறு அனெக்ஸில் இரண்டு காலியாகியிருந்தன. ஒரு குடும்பம் மூன்று மாத வாடகை பாக்கி. ஜூலை மாதம் சேரின் வீட்டுக்குப் போய் பணம் இல்லை என்று சொன்னபோது அவர் கோபப்படவில்லை. மகளின் அனுமதிக் கடிதத்தை எடுத்து வந்து, முதல் தவணை கட்ட வேண்டிய நாளைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். ஈட்டைப் பயன்படுத்தி அவர் வழக்குப் போட்டிருக்கலாம். 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் வங்கிகளுக்குக் கிடைக்கும், நீதிமன்றம் போகாமலே ஈட்டை ஏலம் விடும் அதிகாரம் தனியாளுக்கு இல்லை. வழக்கு முடிய வருடக்கணக்கு ஆகியிருக்கும். அவருக்கும் அது தெரியும். கையில் இருந்த உறுதி எனக்கு வெட்கத்தைத் தந்த அளவுக்கு அவருக்குப் பணத்தைத் தரவில்லை.

பணம் கடைசியில் டொரன்டோவிலிருந்து வந்தது. ரூபாயின் வீழ்ச்சியால், 2019இல் 30 இலட்சத்துக்குத் தேவைப்பட்ட கனேடிய டொலரில் பாதி போதுமாக இருந்தது. தம்பி மேலும் 30 இலட்சத்துக்குப் பங்கு எடுக்கச் சம்மதித்தான். அவன் பங்கு 220இல் 70, அதாவது 32 வீதத்துக்குச் சற்றுக் குறைவு; சட்ட எல்லைக்குள். நவம்பரில் சேருக்கு முழுத் தொகையையும், பிந்திய நான்கு மாதங்களுக்கு 22 வீத வட்டியோடு கொடுத்து ஈட்டை மீட்டேன். மகள் ஜூலையில் தொடங்க வேண்டிய படிப்பை அடுத்த பெப்ரவரியில் தொடங்கினாள். அந்த ஏழு மாதத்தை 22 வீதத்தால் ஈடுசெய்ய முடியவில்லை. சேர் இன்றும் வழியில் கண்டால் நின்று பேசுவார். வீட்டைப் பற்றி மட்டும் கேட்க மாட்டார்.

தம்பிக்குப் புதிய பங்குகளை 2019ஆம் ஆண்டு விலைக்கே கொடுத்தேன். அவசரத்தில் மதிப்பீடு செய்விக்கவில்லை. பழைய பங்குதாரர்களின் பங்கு வீதம் அதனால் குறைந்தது. அதை முதலில் கணக்குப் போட்டுச் சொன்னவர் நிலைய அதிபர் மாமாதான். கடன் தீர்ந்தது நல்லது, ஆனால் மூன்று வருடத்துக்குப் பின் வந்தவனுக்கும் முதல் நாள் வந்தவனுக்கும் ஒரே விலையா என்று கேட்டார். கட்டிடம் பறிபோகும் நேரத்தில் விலை பேசுகிறாரே என்று அன்று எனக்குக் கோபம். அவர் சொன்னது சரி. இது நடந்தால் என்ன செய்வது என்று 2019இல் எழுதிய பங்குதாரர் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்திருந்தால் அந்த வாதமே வந்திருக்காது. நண்பனுக்கு எழுதியபோது அவனும் சிரித்தான்: அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் பூச்சியத்துக்கு அருகில் இருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் 5.25 முதல் 5.50 வீதம் வரை ஏற்றியதில், மாறும் வட்டிக்குக் குறுகிய காலக் கடன் எடுத்திருந்த அவனுடைய டெக்சாஸ் கட்டிடமும் தடுமாறி, பங்காளிகள் மேலும் பணம் போட வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. முப்பது வருடக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியவன், அந்தக் கடன் மூன்றே வருடத்துக்கானது என்பதைக் கவனித்திருக்கவில்லை.

2024இல் மதிப்பீட்டாளர் கட்டிடத்துக்கு 3 கோடி 40 இலட்சம் என்று எழுதித் தந்தார். ரூபாவில் ஏறக்குறைய இரட்டிப்பு. டொலரில் கணக்கிட்டால் 2019இல் ஒரு இலட்சத்துச் சொச்சம், 2024இல் அதைவிடப் பத்து வீதம் கூடுதல், அவ்வளவுதான். மாத வாடகை 1,70,000 ரூபா ஆகியிருக்கிறது. கடன் எதுவும் இல்லை. ஒப்பந்தத்தையும் திருத்தி எழுதினோம்: ஒவ்வொரு ஜனவரியும் மதிப்பீடு, வெளியேற விரும்புபவர் அந்த விலைக்கு முதலில் மற்றவர்களிடம் கேட்க வேண்டும், புதுப் பங்கும் அந்த விலைக்கே.

திருத்திய விதியை முதலில் பயன்படுத்தியவர் மாமாதான். பேத்தியின் கலியாணத்துக்காகத் தன் பங்கில் பாதியை விற்க வேண்டும் என்றார். வருடாந்தக் கூட்டம் நான்காம் இலக்க அனெக்ஸில் நடந்தது. அது அப்போது காலியாக இருந்ததால் பாய் விரித்து உட்கார்ந்தோம். தாதியும் இன்னும் இருவரும் அவர் பங்கை வாங்கிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டு முடிந்ததும் எழுந்து போவார் என்று நினைத்தேன். அவர் வடக்குச் சுவரில் பூத்திருந்த ஈரத்தைக் கையால் தடவிப் பார்த்து, பீலியைப் போன வருடமே மாற்றச் சொன்னேனே என்று ஆரம்பித்தார். மீதிப் பாதிப் பங்கின் உரிமையோடு அந்த வாதம் இருட்டும் வரை நடந்தது.